தன்னாய்வாளர் தேறவில்லை

நானோ தொழில்நுட்பம் படித்தால் வேலை கிடைக்காது என்று சொல்லித் திரிந்தவர்கள் எல்லாரும் அந்த வருடம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேலை கிடைத்தது. கொத்துக் கொத்தாகக் கிடைத்தது. என்ன வேலை என்று கேட்கிற கெட்ட பழக்கம் நம் பெற்றோர்களுக்குக் கிடையாது. ஏசி இருக்கிறதா, கம்பெனி பஸ் வருகிறதா, கழுத்தில் அட்டை தொங்குமா என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு நல்ல சட்டம். ரத்தக்குழாய்க்குள் நீந்திப் போய்க் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் நுண்துகள்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். எலிக்குக் கொடுத்தார்கள், எலி நன்றாக இருந்தது. அடுத்து மனிதன் வேண்டும். கட்டட வேலைக்கு வந்தவர்களைப் பிடித்து, கூலி கொடுத்து, ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் செத்துப்போக, பெரிய ரகளையாகி, கூலிக்கு மனித உடம்பில் சோதனை செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது. ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள். தகுதி பெற்ற விஞ்ஞானி, தன் சொந்த உடம்பில், தன் விருப்பப்படி சோதித்துக்கொள்ளலாம். நரைத்த தலையோடு ஒரு மேதை தான் காய்ச்சிய மருந்தைத் தானே குடிக்கும் காட்சியை நினைத்துச் சட்டம் எழுதியவர்கள் கண்கலங்கியிருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் கண்கலங்கவில்லை. தகுதி என்றால் பட்டம், பட்டம் மொத்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று யோசித்தார்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து நாமக்கல்லில் விரலை வைத்தார்கள். அடுத்த கல்வியாண்டிலேயே அந்தப் பக்கத்தில் நானோ துறைக்குக் கல்லூரிக்கொரு பிளாக் எழும்பிவிட்டது.

சம்யுக்தா இந்த மடத்தனத்துக்கெல்லாம் மேலே இருப்பவள் என்று சம்யுக்தா நினைத்துக்கொண்டிருந்தாள். புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் லோகநாதனின் மூத்த மகள். பள்ளியில் முதல், கல்லூரியில் தங்கப் பதக்கம். சொந்தக்காரர்களில் அவள் மதித்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் போகமாட்டாள். போனால் "நீ என்ன கண்ணு படிக்கிற?" என்று கேட்பார்கள், அவள் சொல்வாள், அவர்கள் "அப்ப பேங்க் எக்ஸாம் எழுதலாம்ல?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடச் சோறு இல்லாமல் கிடப்பது மேல் என்பது அவள் கொள்கை.

நுண்மதி லேப்ஸ் அவளை 'முதன்மைத் தன்னாய்வாளர்' என்று எடுத்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, நீலக் கண்ணாடி போட்ட கட்டடம். திங்கட்கிழமை தோறும் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து நுண்துகள் ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் ஒரு திரையைக் கொடுப்பார்கள். சிரித்த முகம், சாதா முகம், அழுத முகம் என்று பொம்மைகள் இருக்கும். இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தொட வேண்டும். நாலு வருடம் குவாண்டம் இயற்பியலும் மேற்பரப்பு வேதியியலும் உருப்போட்டது சிரித்த முகத்தைத் தொடுவதற்கு. நிஜமான ஆராய்ச்சி மேல்மாடியில் நடந்தது. அங்கே இருந்த ஏழெட்டுப் பேரும் தங்கள் உடம்பில் கொசு கடிக்கக்கூட விட்டதில்லை. அவர்கள் எழுதும் கட்டுரைகளில் மட்டும் சம்யுக்தாவின் பெயர் முதலில் வரும். சட்டப்படி ஆய்வாளர் அவள்தானே.

அவளுக்கு இது புரியாமல் இல்லை. முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. ஆனால் கட்டுரையில் பெயர் வந்தபோது உள்ளுக்குள் குளிர்ந்தது. மேல்மாடிக்கு ஒருநாள் போய்விடலாம் என்று நம்பினாள். ஏமாறுவதற்கும் ஒரு திறமை வேண்டும், அவளிடம் அது நிறையவே இருந்தது.

இரண்டாவது வருடம் லிப்டில் மயங்கி விழுந்தாள். டெக்னீஷியன் ஓடிவந்து பார்த்துவிட்டு, உடம்பில் நீரே இல்லை, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டான். அவளால் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், குடிக்க வேண்டும் என்று தோன்றியே பல நாளாகிறது. தாகம் என்ற ஒன்றே அவளைவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து போனில் மணி அடித்தால் குடிப்பாள், மாத்திரை விழுங்குவதைப் போல.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த டேனியல் தங்கையாவிடம் மட்டும் சொன்னாள். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரன், அதே தொகுதித் துகள்களை ஏற்றிக்கொண்டவன், அந்த வருடம் கல்யாணம் நிச்சயம் ஆனவன். அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் வெந்து உரிந்திருந்தது.

"டீ கிளாஸ். சுடுதுன்னு தெரியவே இல்ல. பக்கத்துல இருந்தவன் சொல்லித்தான் கீழ வச்சேன்."

"ரிப்போர்ட் பண்ணிட்டியா?"

"பண்ணினேன். கெடுதல் வந்தா கவர்மெண்ட் கவுன்சிலுக்கு அனுப்பணும்லா, அதான சட்டம். எச்.ஆர். ஷர்மிளா மேடம் கூப்பிட்டு உக்கார வச்சு அரை மணி நேரம் சிரிச்சா."

"என்ன சொன்னாங்க?"

"நோயாளிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பு. கூலிக்காரனுக்கு ஆச்சுன்னாலும் கம்பெனி பொறுப்பு. நான் யாரு? விஞ்ஞானி. விஞ்ஞானி தன்மேல பண்ணின சோதனையில கெடுதல் வந்துச்சுன்னா, அவன் சோதனைய ஒழுங்காப் பண்ணலன்னு அர்த்தமாம். தெறமை இல்லாதவன் குடுத்த ரிப்போர்ட்ட கவுன்சில் வாங்காதாம். என்னய வேலைய விட்டுத் தூக்கப் போறாவ."

"அப்ப கெடுதல் வந்தா திறமை இல்ல. திறமை இருந்தா கெடுதல் வராது."

"வெவரமான புள்ள. சட்டுனு புரிஞ்சுக்கிட்ட."

சொன்னபடியே அவனைத் தூக்கினார்கள். தூக்கிய முறையைச் சொல்ல வேண்டும். நுண்மதியில் பெற்றோர் சந்திப்பு என்று ஒன்று உண்டு. சிரிக்க வேண்டாம். இருபத்தைந்து வயது விஞ்ஞானிகளின் அப்பா அம்மாவை அரையாண்டுக்கு ஒருமுறை வரவழைத்து, வரிசையாக நாற்காலி போட்டு, பிள்ளை எப்படி என்று சொல்வார்கள். விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகள் கம்பெனிக்கு அடங்குவதில்லை, அப்பா அம்மாவுக்கு அடங்குவார்கள் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான். பெற்றோர்களுக்கும் பரம சந்தோஷம். பிள்ளை எந்த வயதிலும் யாரிடமாவது திட்டு வாங்குகிறது என்பதைவிடப் பெரிய நிம்மதி அவர்களுக்கு வேறில்லை. அந்தக் கூடத்தில் வைத்து, டேனியலின் அம்மா முன்னால், "உங்க பையனுக்கு ஆய்வுத் திறன் பத்தல" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மே மாதம் சம்யுக்தாவின் தங்கை தன்விகா ப்ளஸ் டூ தேறினாள். அக்கா படித்த அதே கல்லூரி, அதே நானோ என்று லோகநாதன் முடிவே செய்துவிட்டார். அட்மிஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று அம்மா கோகிலா போனில் சொன்னாள். தான் மாட்டிக்கொண்டதைக்கூடப் பெருமையாக மூடி வைத்துக்கொள்ள சம்யுக்தாவால் முடிந்தது. தன்விகாவின் கையில் ஊசி ஏறுவதை நினைக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, பொம்மை முகம், மேல்மாடி, தாகம் போனது, டேனியலின் கை.

லோகநாதன் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார், அதுதான் தொல்லை.

"ஊசி போடறாங்க, அவ்வளவுதான கண்ணு? நம்ம கோழிக்கு வேக்சின் போடறதில்லையா? போட்டாத்தான நல்லா இருக்குது?"

"நான் கோழியாங்ப்பா?"

"அட, பேச்சுக்குச் சொன்னா! வேலைன்னா கஷ்டம் இருக்கத்தான் சாமி செய்யும். உங்க மாமன் லாரி ஓட்டி இடுப்பே போச்சு. அவன் லாரிய உட்டுட்டானா?"

"எனக்குத் தாகமே எடுக்கறதில்லீங்ப்பா. தண்ணி குடிக்க மறந்தா செத்துப்போவேன்."

"அதுக்குத்தான் போன்ல மணி வச்சிருக்கறயே" என்றாள் கோகிலா. "நானெல்லாம் வேலைக்காட்டுல தண்ணி குடிக்காமயே நாள் பூரா கெடந்திருக்கறேன். அதப் போயி ஒரு நோவுன்னு."

"அம்மா, அந்தத் துகள் மூளைல போய் உக்காந்திருக்குதும்மா."

"அப்ப கம்பெனி சரியில்ல" என்று லோகநாதன் தீர்ப்புச் சொன்னார். "தன்விகா வேற கம்பெனிக்குப் போவட்டும். கம்பெனி கெட்டதுன்னா படிப்பு என்ன பண்ணும்? படிப்பு நல்ல படிப்பு. நாளைக்கு நீயே வேற எடம் பாத்துக்க."

எல்லாக் கம்பெனியும் இதே கதைதான் என்று அவள் சொன்னது செவிடன் காதில் ஊதின சங்கானது. தன்விகா அக்காவைப் போலவே மூக்கை விடைத்துக்கொண்டு பார்க்கிறவள். அக்காவைவிடக் கெட்டிக்காரி, அது சம்யுக்தாவுக்கே தெரியும்.

"நான் உன்னவிட மேல போயிருவேன்னு பயமா இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

கோகிலா, "சொந்தத் தங்கச்சி மேல பொறாமைப்படற பொண்ணப் பெத்து வச்சிருக்கறேன்" என்று மூக்கைச் சிந்தினாள். அத்தோடு உண்மை சொல்கிற வேலை முடிந்தது. தன் வாழ்நாளில் சொன்ன ஒரே முக்கியமான விஷயத்தைச் சொன்ன கையோடு சம்யுக்தா பஸ் ஏறினாள். இவ்வளவு முட்டாள்களுக்கு நடுவே எப்படிப் பிறந்தோம் என்று பெருங்களத்தூர் வரும்வரை ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தாள்.

டேனியலைக் கூப்பிட்டுப் புலம்பினாள். அவன் சிரித்தான்.

"என் நிச்சயம் முறிஞ்சு போச்சு, தெரியும்லா?"

"கை மரத்ததுக்கா?"

"அதான் வேடிக்கை. கை மரத்ததப் பொண்ணு வீட்ல அன்னைக்கே சொல்லிட்டோம். அவிய ஒண்ணுமே சொல்லல. 'பரவால்ல, மாப்பிள்ளைக்கு ஏசி ரூம் வேலைதான'ன்னுட்டாவ. வேலைய விட்டுத் தூக்கினதச் சொன்னோம் பாரு, அடுத்த நாளே தாம்பாளத்தத் திருப்பி அனுப்பிட்டாவ. அதுலயும் கம்பெனி அநியாயம் பண்ணிட்டுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பாவ. 'தெறமை இல்ல'ன்னு சொல்லிட்டாம்லா? அதக் கேட்டதும் அந்தப் பொண்ணோட அப்பா மூஞ்சியப் பாக்கணுமே. குஷ்டம்னு சொன்ன மாதிரி தள்ளி உக்காந்தாரு."

சம்யுக்தா அதற்குப் பிறகு அவன் பேசியதைக் கேட்கவில்லை. நம் ஊரில் வேலையால் நோய் வந்தால் தியாகம். வேலையால் செத்தால் வேலையை வாரிசுக்குக் கேட்பார்கள். மார்க் எடுத்த பிள்ளை தேறவில்லை என்றால் மட்டும்தான் பயப்படுவார்கள். அவளுடைய அப்பாவைப் பயமுறுத்த அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும் வழி.

மறுநாள் திரையில் அழுத முகத்தைத் தொட்டாள். தொட்டதோடு நிற்காமல் தாகம் போனதைப் பற்றிக் கவுன்சிலுக்கு முறையாக அறிக்கை எழுதிப் போட்டாள்.

மனிதவளத் துறையின் ஷர்மிளா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஷர்மிளாவுக்குக் கோபப்படவே தெரியாது. ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்க்கு அக்காள் முறை வேண்டும்.

"சம்யு, ஒரே பேட்ச்ல ரெண்டாவது ஆளை அனுப்பினா பார்க்க நல்லா இருக்காதும்மா. நீ அறிவாளி. அறிக்கைய வாபஸ் வாங்கிக்கோ. 'அளவீட்டுல சின்னத் தவறு'ன்னு ஒரு வரி போதும். அடுத்த மாசம் மேல்மாடியில உனக்கு சீட் ரெடி."

மேல்மாடி. இரண்டு வருடமாக லிப்டில் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள்.

"யோசிக்கணும் மேடம்."

"தாராளமா. சனிக்கிழமை பேரண்ட்ஸ வரச் சொல்லியிருக்கேன். அவங்களோட சேர்ந்தே யோசிக்கலாம்."

சனிக்கிழமை லோகநாதன் வெள்ளைச் சட்டையில் வந்தார். கோகிலா வீட்டில் செய்த தேங்காய் பர்பியை டப்பாவில் கொண்டுவந்து ஷர்மிளாவிடம் நீட்டினாள். கம்பெனி எப்படி இருக்கும் என்று பார்க்கத் தன்விகாவும் கூடவே வந்திருந்தாள். நீலக் கண்ணாடியையும் கழுத்து அட்டைகளையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மற்ற பெற்றோர்களும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷர்மிளா பர்பியைக் கடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணு ரொம்பத் திறமைசாலி சார். ஆனா பாருங்க, ஏதோ தாகம் எடுக்கலன்னு ஒரு அறிக்கை எழுதியிருக்கா. அதை வாபஸ் வாங்கிட்டா டீம் லீடர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"வாங்கிக்குவா மேடம்" என்றார் லோகநாதன், மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல். "ஏ கண்ணு, சொல்லு."

கோகிலா மேசைக்கடியில் மகளின் தொடையைக் கிள்ளினாள்.

சம்யுக்தா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல எழுந்து நின்ற அதே மாதிரி. அங்கே ஒருநாளும் அவள் தப்பாகப் பதில் சொன்னதில்லை.

"வாபஸ் வாங்க முடியாதுங்க மேடம். எது சரி, எது தப்புன்னே எனக்குத் தெரியலைங்க."

"புரியலையே சம்யு?"

"எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. மொதல்ல இருந்தே புரியலைங்க. காலேஜ்ல எல்லாத்தயும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். மெடலு அதுக்குத்தான் குடுத்தாங்க. இங்க வந்து என்ன பண்றதுன்னு தெரியல. சோதனை எனக்குச் செய்யத் தெரியலைங்க. அதனாலதான் கெட்டுப்போச்சு. இந்தப் படிப்புக்கு வேண்டிய மூளை எனக்கு இல்லைங்க."

கூடத்தில் இருந்த பெற்றோர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோகநாதனின் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். மகள் செத்துப்போவேன் என்று சொன்ன அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"என்ற பொண்ணு ஸ்டேட் ரேங்க் மேடம்" என்றார்.

"அதுவும் மனப்பாடந்தாங்ப்பா. நானோ நம்ம குடும்பத்துக்கு வராதுங்ப்பா. அதுக்கு வேற மாதிரி மூளை வேணும். நானே இவ்வளவு தடுமாறினா..." என்று நிறுத்தித் தன்விகாவைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை அப்பா மனதுக்குள் முடித்துக்கொண்டதைக் கண்ணாலேயே கண்டாள்.

ஷர்மிளா முதலில் திகைத்தாள், பிறகு கணக்குப் போட்டாள். ஆய்வாளரே தனக்குத் திறமை இல்லை என்று சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டாள். திறமை இல்லாதவளின் அறிக்கை கவுன்சில் வரை போகத் தேவையில்லை. நோகாமல் நுங்கு கிடைத்தது. மிச்சப் பர்பியை வாயில் போட்டுக்கொண்டு, "வருத்தமா இருக்கு சார்" என்றாள். அன்று மாலையே சம்யுக்தாவின் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உடம்புக்குள் இருப்பதைத் திருப்பி வாங்கும் வசதி கம்பெனியிடம் இல்லை. ஐந்து வருடத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். ஐந்து வருடம் அங்கே யாரும் இருந்ததில்லை.

திரும்பி வரும் வேனில் சேலம் தாண்டியதும் லோகநாதன் டிரைவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"தலைக்கு வந்தது தலப்பாயோட போச்சு. ஒண்ணு கெட்டதோட போவட்டும். சின்னத நாமக்கல்லுலயே பி.காம் சேத்தி உட்டர்லாம்."

பின் சீட்டில் தன்விகா அழ ஆரம்பித்தாள். ஊர் வரும் வரை அழுதாள். சம்யுக்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதில் துளி இனிப்பு இல்லை.

டேனியலுக்கு விஷயம் எட்டியது. பாராட்டுவான் என்று நினைத்தாள்.

"உன் ரிப்போர்ட்ட நீயே குழி தோண்டிப் பொதைச்சிட்டியே" என்றான். "என்னோடத அவனுவ மூடினானுவ. உன்னோடத நீயே மூடிட்ட. இனி அடுத்த பேட்ச்சுக்கு ஏத்துவான், ஒரு தடையும் இல்ல. உன் தங்கச்சியக் காப்பாத்திட்ட, சரி. மத்தவன் தங்கச்சி?"

அவளுக்குச் சுருக்கென்றது. எப்போதும் எதிராளியை வாயடைக்க வைத்தே பழகியவள் அன்று தானே போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அவள் நிலைமையைக் கேட்க வேண்டாம். கோகிலா சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைப்பாள். தன்விகா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். லோகநாதன் பண்ணையே கதி என்று கிடந்தார். ஒருநாள் தீவன லாரிக்காரர் வந்து, தன் பெண்ணை நானோவில் சேர்க்கலாமா, உங்கள் பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வாசலில் நின்று லோகநாதன் சொன்னது உள்ளே கேட்டது.

"வேண்டாங்க. என்ற பொண்ணு தங்க மெடலுங்க. அவளுக்கே வரலைங்க. திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. நம்ம ஊருப் புள்ளைங்களுக்கு அது ஆவாதுங்க."

"அப்படீங்களா? நல்ல வேளைங்க, கேட்டது."

தீவன லாரிக்காரரின் பெண் அந்த வருடம் நர்சிங் சேர்ந்தாள். லாரிக்காரர் போய் அவருடைய மச்சானிடம் சொன்னார். மச்சானுக்கு இரண்டு மகள்கள்.

சம்யுக்தா அன்று வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தாள். தாகத்தைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை யாரையும் எட்டவில்லை. அவள் தேறவில்லை என்ற செய்தியோ யாரும் கேட்காமலே ராசிபுரம் வரை போயிருக்கிறது. உண்மைக்குக் கால் இல்லை. வம்புக்கு லாரியே இருக்கிறது. அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகத்தான் இருந்தது. அதைச் செய்ய அவளுக்கு இருந்த அருவருப்பைச் சொல்லி மாளாது.

அடுத்த முகூர்த்தத்திலேயே தொடங்கினாள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, எதையும் விடவில்லை. கோகிலா தடுத்துப் பார்த்தாள். "மூஞ்சியக் காட்டாம வீட்ல கெடயேன்டி" என்றாள். சம்யுக்தா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, எல்லார் கண்ணிலும் படும் நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ப்ளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் பக்கத்தில் இடம் பிடித்தாள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருந்தாள். வராவிட்டால் தானே ஆரம்பித்தாள்.

"ஆமாங்க அத்தை, நானோதாங்க படிச்சேன். வேலையில இருந்து தூக்கிட்டாங்க. எனக்கு அறிவு பத்தலைங்க."

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சிலர் சிரித்தார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். எல்லாரும் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றில் நானோ துறைக்கு ஆள் தேறவில்லை. ஒரு கல்லூரி அந்த பிளாக்கை ஹோட்டல் மேனேஜ்மென்ட்டுக்குக் கொடுத்துவிட்டது. டேனியல் போன் செய்து, நாசரேத்தில் இருந்தே ஒரு பையன் உன் பெயரைச் சொல்லி விலகினானாம் என்றான்.

திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் சம்யுக்தா உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் தன்விகா, பி.காம் தோழிகளோடு. தங்கையின் பக்கத்து இலையில் இருந்த அம்மாள் சம்யுக்தாவைக் காட்டி, அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு தன்விகாவிடம் கேட்டாள்.

"அது உங்க அக்காதான கண்ணு? மூளைக்கார புள்ளைன்னு சொல்லிக்குவாங்களே. கம்பெனிக்காரன் ஏதாச்சும் மோசம் பண்ணிட்டானா? என்ற பொண்ணு நானோதான் வேணும்னு ஒத்தக் காலுல நிக்கிறா."

சம்யுக்தாவின் கை இலையில் நின்றது. கம்பெனி மோசம் என்று தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் வேறு கம்பெனி தேடிக்கொள்வாள். தன்விகா நிமிர்ந்து அக்காவை நேராகப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்க்கிறாள். கண்ணில் அப்படியொரு வெறுப்பு.

"கம்பெனி மேல தப்பு ஒண்ணுமில்லைங்க" என்றாள், பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி. "எங்கக்காவுக்கு மூளை கெடயாது. மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினவ. அந்தப் படிப்பெல்லாம் நம்மாளுங்களுக்கு ஏறாதுங்க. என்ற வாழ்க்கையும் அவளாலதான் போச்சு."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன் பெண்ணின் பக்கம் திரும்பி, "கேட்டயாடி? கூடப் பொறந்தவளே சொல்றா" என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்யுக்தா இத்தனை கல்யாணங்களில் சொன்னதைவிட அது நன்றாக எடுபட்டது. ரசம் ஊற்றுகிறவர் வந்து நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று இலைக்கு மேல் கையைக் காட்டினாள்.